மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த குழந்தை: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

ஒட்டிப் பிறந்த விரல்களைப் பிரிக்கும் அறுவை சிகிச்சை முடிந்து, ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இப்படி இருக்கும். நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டியிருப்பதுதான் அதிகம். எங்கள் மகளுக்கும் அதுதான். கூடுதல் விரலை எடுத்த குழந்தைக்கும், தீக்காயத் தழும்பால் மடங்கிய விரலை நிமிர்த்திய குழந்தைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இரண்டு விரலைப் பிரித்தால், இரண்டையும் முழுதாக மூடும் அளவுக்கு அங்கே தோல் இருக்காது. அதனால் பெரும்பாலும் தொடை இடுக்கிலிருந்து கொஞ்சம் தோலை எடுத்து விரலின் பக்கவாட்டில் ஒட்டுத் தைப்பார்கள். அந்தத் தோலுக்கு முதல் சில நாட்கள் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. அடியிலுள்ள சதையிலிருந்து ஊறுவதைக் குடித்துத்தான் அது உயிரோடு இருக்கும். அப்புறம்தான் மெல்லிய ரத்தக் குழாய்கள் அதற்குள் வளரும். அதற்குள் அது நகர்ந்தாலோ, அடியில் ரத்தம் தேங்கினாலோ, ஈரம் பட்டுச் சீழ் வைத்தாலோ ஒட்டு பிடிக்காது. "எலும்பா உடைஞ்சிது, எதுக்கு இவ்வளவு பெரிய மாவுக்கட்டு?" என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். கட்டு எலும்புக்காக இல்லை, அந்தத் தோலுக்காக.

ஆக, வீட்டில் நம் வேலை மூன்று: கட்டு நகரக் கூடாது, நனையக் கூடாது, விரல் நுனி நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு காரியம் செய்துகொள்ளுங்கள். கட்டுக்கு வெளியே விரல் நுனி எவ்வளவு தெரிகிறது என்று பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். கட்டின் மேல் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே குழந்தையின் தோளுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். சில மருத்துவர்கள் விரல் நுனியையும் சேர்த்து மூடிவிடுவார்கள். அப்படி என்றால் "நான் எதைப் பார்த்து ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வது?" என்று அங்கேயே கேட்டு, பதிலை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். ராத்திரி எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதையும்.

முதல் ராத்திரி வீறிட்டு அழுகிறாள்

மாலை வரை சிரித்து விளையாடிய குழந்தை இரவு திடீரென்று அலறினால் பயந்துவிடாதீர்கள். அறுவையின்போது கை மரத்துப்போக ஊசி போட்டிருப்பார்கள். அது பல மணி நேரம் வேலை செய்யும். அது இறங்கும் நேரத்தில்தான் உண்மையான வலி முதல்முறையாகத் தெரிகிறது. "நல்லாத்தானே இருக்கா, மருந்து எதுக்கு" என்று மாலை வேளையைத் தவறவிட்ட வீடுகளில்தான் இந்த இரவு மோசமாகப் போகும். முதல் இரண்டு நாள், அழுதாலும் அழாவிட்டாலும், எழுதிக் கொடுத்த நேரத்துக்கு மருந்தைக் கொடுத்துவிடுங்கள். தூங்கினால்கூட இரவில் ஒரு முறை எழுப்பிக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

பாரசிட்டமால் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, வயதை அல்ல. பொதுவாக ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆறு மணி நேர இடைவெளி. ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். ஆபத்து ஒளிந்திருப்பது பாட்டிலில். கடையில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப் இருக்கிறது, 5 மில்லியில் 250 உள்ளதும் இருக்கிறது, ஒரு மில்லியிலேயே 100 உள்ள சொட்டு மருந்தும் இருக்கிறது. பத்து கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 120 சிரப்பில் அது சுமார் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. போன மாதக் காய்ச்சலுக்கு வாங்கிய பாட்டிலையும் இன்று வாங்கியதையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இபுபுரோஃபென் என்ற வலி மருந்தும் பாரசிட்டமாலும் கலந்த சிரப் நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். சளி மருந்து சிலவற்றிலும் பாரசிட்டமால் இருக்கும். இவற்றோடு தனிப் பாரசிட்டமாலையும் கொடுத்தால் அளவு கூடிவிடும். கொடுத்த நேரத்தைக் காலண்டர் தாளில் எழுதிவையுங்கள். அப்பா கொடுத்தது அம்மாவுக்குத் தெரியாமல் மறுபடி கொடுப்பது இப்படித்தான் நின்றது எங்கள் வீட்டில்.

ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது. கொடீன் கலந்த மருந்தும் கூடாது.

மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியும் அழுகை ஏறிக்கொண்டே போனால் இது சாதாரண வலி இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுக்குள் வீக்கம் கூடி ரத்த ஓட்டம் நெருக்கப்படும்போது, "இங்கே இறுக்குது" என்று இந்த வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அது காட்டுகிற அடையாளங்கள் மூன்று: எதற்கும் சமாதானமாகாத பதற்றம், நிலைகொள்ளாமை, முன்னைவிட அதிக மருந்து தேவைப்படுவது. இரண்டாம் நாள் மூன்றாம் நாள் வலி குறைய வேண்டும். கூடினால் தப்பு. விரல் நுனியைத் தொட்டு லேசாக நிமிர்த்தினாலே துடித்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

விரல் நுனி வெளுத்தோ நீலமாகவோ தெரிகிறது

பார்க்கும் முறை: நகத்தை இரண்டு விநாடி அழுத்தி விடுங்கள். அழுத்தும்போது வெளுக்கும், விட்டதும் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மாநிறக் குழந்தைக்குத் தோலைவிட நகத்தின் அடியைப் பார்ப்பதுதான் தெளிவு. மற்றக் கையின் அதே விரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ட்யூப்லைட்டில் எல்லாக் கையும் கொஞ்சம் நீலமாகத்தான் தெரியும். ஜன்னல் ஓரம் தூக்கிப் போங்கள், இரவென்றால் போன் டார்ச் அடியுங்கள். முதல் இரண்டு நாள், விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் பார்த்தால் போதும்.

நுனி கொஞ்சம் வீங்கி, சிவந்து, ஆனால் சூடாகவும் அழுத்தினால் நிறம் திரும்புவதாகவும் இருந்தால் கை தாழ்ந்து கிடந்திருக்கிறது என்று அர்த்தம். நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். சட்டைக் கை இறுக்குகிறதா பாருங்கள். கூடவே இன்னொன்றும். திருஷ்டிக்கென்று கட்டும் கறுப்புக் கயிறு, வளையல், காப்பு இதெல்லாம் அறுவைக்கு முன் கழற்றியிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பாட்டி அன்பாகத் திரும்பக் கட்டுவார். மற்றக் கையில் கட்டச் சொல்லுங்கள். வீங்குகிற கையில் நூல் நெகிழ்ந்து கொடுக்காது.

அரை மணி உயர்த்தியும் வீக்கம் இறங்கவில்லை என்றால் அழைத்துப் பேசுங்கள். நுனி வெள்ளையாகவோ நீலமாகவோ சில்லென்றோ இருந்தால் அரை மணியும் வேண்டாம். உடனே புறப்படுங்கள். வண்டி இல்லையென்றால் 108.

விரல் நுனி தெரியவில்லை, கட்டு கீழே இறங்கிவிட்டது

எல்லாரும் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான். குழந்தை அழாது, காய்ச்சல் இருக்காது, ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நேற்று எட்டிப் பார்த்த விரல் நுனி இன்று உள்ளே போயிருக்கும்.

இந்த வயதுக் கை கொழுகொழுவென்று முழங்கைப் பக்கம் தடித்தும் மணிக்கட்டுப் பக்கம் மெலிந்தும் இருக்கும். குட்டைக் கட்டு போட்டால் ஒரே நாளில் உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் முழங்கையை நன்றாக மடக்கி, அதற்கும் மேலே வரை கட்டுகிறார்கள். அப்படியும் இறங்கும். அறுவை வீக்கம் வற்றும்போது உள்ளே இடம் விழும். போதாததற்கு, சில குழந்தைகள் விடாமல் இழுத்து இழுத்து வேலையை முடித்துவிடுவார்கள்.

இறங்கும்போது உள்ளே இருக்கும் பஞ்சும் துணியும் ஒட்டுத்தோலின் மேல் இழுபடுகின்றன. ஆகவே இது அடுத்த வாரப் பரிசோதனையில் காட்டலாம் என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை. முதல் நாள் எடுத்த படத்தோடும் தோள் பக்கக் கோட்டோடும் ஒப்பிடுங்கள். நுனி முன்பைவிடக் குறைவாகத் தெரிந்தால் அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள், படத்தையும் அனுப்புங்கள். நுனி முழுதாக மறைந்திருந்தால் அன்றே நேரில் காட்டுங்கள். நீங்களாக மேலே தள்ளி ஏற்ற வேண்டாம். முழுக்கக் கழன்று கையோடு வந்துவிட்டால், உள்கட்டு இருந்தால் அதைத் தொடாமல், சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாகச் சுற்றிக்கொண்டு போங்கள்.

பக்கத்து ஊர் மருத்துவமனையில் பிரித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்பார்கள். அறுவை செய்த மருத்துவரோடு போனில் பேசிவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒட்டுத்தோல் இருக்கிறது என்று தெரியாமல் துணியை இழுத்துப் பிரித்துவிட்டால் அத்தனை வேலையும் வீண். (ரத்த ஓட்டம் நின்ற அறிகுறி இருந்தால் மட்டும் இந்தப் பேச்சே இல்லை. எந்த மருத்துவர் அருகில் இருக்கிறாரோ அவர் உடனே கட்டைப் பிளக்கட்டும்.)

தடுக்க நாங்கள் செய்தது: கட்டின் மேல் ஒரு பெரிய காட்டன் சாக்ஸின் நுனியை வெட்டி உறையாக மாட்டி, தோளில் தளர்வாக ஊக்கு இல்லாமல் தைத்துவிட்டோம். பிடித்து இழுக்க விளிம்பு கிடைக்கவில்லை. சாக்ஸை விலக்கி விரலைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

தூங்க மறுக்கிறாள்

தூளியில் பழகிய குழந்தைக்குத் தூளிதான் வேண்டும். ஆனால் தூளித் துணி இரண்டு பக்கமும் நெருக்கும். கட்டுப் போட்ட கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் நமக்கு வெளியிலிருந்து தெரியாது. சில நாள் பாயில் போடுங்கள். நம் பக்கத்தில் படுக்க வைத்து, கையை மடித்த போர்வை மேல் ஏற்றி வையுங்கள். தூங்கும்போது உருளும். உருண்டால் மெல்ல எடுத்து மறுபடி வையுங்கள். ராத்திரி முழுக்க உயரத்திலேயே இருந்தாக வேண்டும் என்று விழித்திருந்து உங்களைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். விழித்திருக்கும்போது இடுப்பில் வைத்துத் தோளில் கையைச் சாய்த்துக்கொண்டாலே பாதி வேலை ஆகிவிடும்.

திடுக்கிட்டு எழுவது, அம்மாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது, விட்டிருந்த படுக்கை நனைத்தல் திரும்புவது, இதெல்லாம் மயக்க மருந்துக்கும் ஆஸ்பத்திரி அனுபவத்துக்கும் பிறகு ஓரிரு வாரம் இருக்கலாம். அடம் என்று திட்டாதீர்கள்.

வாந்தி, கரகரத்த குரல்

முதல் நாள் ஒன்றிரண்டு முறை வாந்தி வரலாம். ஸ்பூன் ஸ்பூனாக ஓ.ஆர்.எஸ்., இளநீர், தாய்ப்பால். அப்புறம் இட்லி, கஞ்சி. தொண்டையில் குழாய் வைத்திருந்தால் குரல் இரண்டு நாள் கம்மும். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை என்றாலோ, மூச்சு இழுத்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

காய்ச்சல்

முதல் ஒன்றிரண்டு நாள் 100 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் உடம்பு சுடுவது சாதாரணம். மூன்றாம் நாளுக்குப் பிறகு 100.4-ஐத் தாண்டினால் கட்டுக்குள் கிருமி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அன்றே அழையுங்கள். மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும் வரை இபுபுரோஃபென் கொடுக்காதீர்கள், ரத்தக் கசிவைக் கூட்டும். பாரசிட்டமால் மட்டும்.

கட்டின் மேல் கறை, நாற்றம்

முதல் நாள் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு ஊறுவது இயல்பு. கறையின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் கையை உயர்த்தி, அழைத்துச் சொல்லுங்கள். ஈரமாகச் சொட்டினால் நேரே போங்கள். அறுவைக்கு முன் தடவிய அயோடின் மருந்து பழுப்பு மஞ்சளாகத் தெரியும், அது சீழ் இல்லை.

இரண்டாம் வாரம் புளித்த வியர்வை வாடை வரும். நம் ஊர் வெயிலில் வராமல் எப்படி இருக்கும்? அழுகல் நாற்றம், புதிதாக ஊறும் மஞ்சள் அல்லது பச்சைக் கறை, கட்டுக்கு மேலே தோலில் சிவப்பு ஏறுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே காட்ட வேண்டும்.

கட்டு நனைந்துவிட்டது

வெளிப்புறம் மட்டும் லேசாக ஈரம் என்றால் ஃபேன் காற்றில் வைத்தால் போதும். ஹேர் டிரையர் இருந்தால் குளிர்ந்த காற்றில் மட்டும். உள்ளே போயிருந்தால் காயவைக்கப் பார்க்காதீர்கள். மாவுக்குப் பதில் போடும் ஃபைபர் கட்டு தண்ணீர் பட்டாலும் இளகாது, அதனால் வெளியே நன்றாக இருப்பதுபோல் தெரியும். உள்ளே உள்ள பஞ்சு நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து தோலை ஊறவைத்துவிடும். அன்றே காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். கட்டு பிரியும் வரை துணியால் துடைத்துக் குளிப்பாட்டுங்கள். கையைப் பாலித்தீன் பையில் கட்டித் தண்ணீர் ஊற்றும் வேலை எல்லாம் இந்த வயதில் எடுபடாது.

திடீரென்று துள்ளித் துள்ளி அழுகிறாள், கட்டைக் கடிக்கிறாள்

எறும்பாக இருக்கலாம். பாலும் பிஸ்கட் தூளும் கட்டின் விளிம்பில் சிந்தி, எறும்பு உள்ளே ஏறுவது நம் வீடுகளில் நடப்பதுதான். டார்ச் அடித்து விளிம்பைப் பாருங்கள். உள்ளே போயிருந்தால் எறும்பு மருந்தோ பவுடரோ மண்ணெண்ணெயோ வேண்டாம். கட்டைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும், கூட்டிப் போங்கள். சாப்பிடும்போது விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய துண்டைக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை வராது. அரிசி, மணி, கிரேயான் துண்டு இதையெல்லாம் குழந்தையே உள்ளே போட்டுக்கொள்ளும். சின்னச் சாமான்களை மேலே எடுத்து வையுங்கள்.

வெறும் அரிப்பு என்றால் கட்டின் வெளிப்புறத்தை விரலால் தட்டுங்கள், குளிர்ந்த காற்று விடுங்கள். ஈர்க்குச்சி, ஸ்கேல், பேனா எதையும் உள்ளே விடக் கூடாது. தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் அரிப்பு மருந்து கேட்டு வாங்கலாம்.

தொடை இடுக்குத் தையல் சிவந்திருக்கிறது

கையையே பார்த்துக்கொண்டிருப்போம், முதலில் புண்ணாவது இந்த இடமாக இருக்கும். டயப்பரின் எலாஸ்டிக் தையலில் உராய்கிறதா பாருங்கள். இடுப்பில் கட்டியிருக்கும் அரைஞாண் கயிறு வழுக்கி இறங்கித் தையல் மேல் உட்காரும். சில வாரத்துக்குக் கழற்றிவிடுவது நல்லது. வீட்டில் மனசு வராவிட்டால் மேலே ஏற்றி நிறுத்துங்கள். பகலில் முடிந்தவரை டயப்பர் இல்லாமல் விடுங்கள், மலம் பட்டால் உடனே கழுவி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், டால்கம் பவுடர் எதுவும் தையல் மூடும் வரை வேண்டாம். தையல் வாய் பிளந்தாலோ சீழ் தெரிந்தாலோ காட்டுங்கள். ரத்தம் வந்தால் சுத்தத் துணியால் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள்.

இடது கையால் சாப்பிடுகிறாள்

அறுவை வலது கையில் என்றால் அப்படித்தான். விடுங்கள். பெரியவர்கள் கையைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டைப் பிரித்ததும் விரல் கறுத்துப் பொருக்காக இருக்கிறது

இரண்டு மூன்று வாரம் கழித்துப் பிரிக்கும்போது மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். ஒட்டுத்தோல் ஊதா நிறமாக, சில இடம் கறுப்பாக, பொருக்கு உதிரும் நிலையில் இருக்கலாம். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மேல்தோல் மட்டும் உரிந்து அடியில் ரோஜா நிறம் தெரிந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. வெட்டுக்கோடு நேராக இல்லாமல் வளைந்து வளைந்து போவது வேண்டுமென்றே செய்தது. நேர்த்தழும்பு சுருங்கும்போது விரலை மடக்கிவிடும். ஒட்டிய இடம் சுற்றுத்தோலைவிடக் கறுப்பாகவே நெடுநாள் இருக்கும்.

கையைப் பயன்படுத்தவே மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். காயம் மூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு தட்டில் பொரி போட்டுப் பொறுக்க விடுங்கள், சப்பாத்தி மாவு உருண்டையைக் கொடுங்கள். பிசைந்து பிசைந்து விறைப்பு விடும். முன்னேற்றம் தெரியவில்லை என்றால் கைப் பயிற்சி தருபவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., கோவை கங்கா போன்ற இடங்களில் கை அறுவைக்கென்றே நெடுங்காலமாகத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

மாதங்கள் கழித்து, விரல் இடுக்கு மேலே ஏறுகிறது

காயம் முழுதாக ஆறியபின் தினம் சில முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போல, தழும்பையும் விரல் இடுக்கையும் எண்ணெய் தொட்டு அழுத்தித் தேய்த்துவிடச் சொல்வார்கள். குழந்தை தூங்கும்போது செய்வதுதான் சுலபம். அப்படி ஒழுங்காகச் செய்தும் சில குழந்தைகளுக்கு, விரல் வளர வளர, இடுக்குத் தோல் நுனியை நோக்கி ஏறிவரும். தேய்ப்பில் குறை வைத்துவிட்டோமோ என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்; எலும்பு வளரும் வேகத்துக்குத் தழும்பு நீளாததுதான் காரணம். சில மாதத்துக்கு ஒரு முறை, விரல்களை விரித்து, மற்றக் கையையும் பக்கத்தில் வைத்து ஒரே கோணத்தில் படம் எடுத்துவையுங்கள். ஏறுவது தெரிந்தால் அந்தப் படங்களோடு போய்க் காட்டுங்கள். இன்னொரு சிறிய அறுவை தேவையா, எந்த வயதில் என்பதை அதை வைத்து அவர்கள் முடிவு செய்வார்கள்.